பதினாறு சென்டிமீட்டர்

"அக்கா, டயர் கம்பெனி கழண்டுகிச்சு!" என்று லேஅவுட்காரர் கத்தினார்.

அவள் ஏற்கெனவே ஸ்கேலுடன் எழுந்துவிட்டிருந்தாள். ஏழாம் பக்கத்தின் அடியில் இருந்த டயர் விளம்பரம் கடைசி நேரத்தில் ரத்து. இரண்டு பத்தி அகலம், பதினாறு சென்டிமீட்டர் உயரம். மாலை ஐந்து மணி. பக்கம் அச்சுக்குப் போக இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

பத்தொன்பது வருடமாக அவள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் இருக்கிறாள். கணினி சொல்லும் அளவில் அவளுக்கு நம்பிக்கையில்லை. அச்சு நகலை மேசையில் விரித்து ஸ்கேல் வைத்துப் பார்ப்பாள். அலுவலகத்தில் ஸ்கேல் அக்கா என்றால்தான் தெரியும்.

போர்களையும் அவள் நீளத்தால்தான் அறிவாள். பெரிய போருக்கு முதல் வாரம் முழுப் பக்கம். இரண்டு வருடம் கழிந்தும் அதற்குத் தனி முத்திரை, வரைபடம், தினமும் முப்பது சென்டிமீட்டர். இன்னொரு போர், ஒரு டிவி நிருபர் செத்த அன்று முதல் பக்கம் ஏறி மறுநாளே இறங்கிவிட்டது. தங்கையின் கணவர் நர்ஸாக இருக்கும் நாட்டில் நடப்பது சின்னப் போர். செத்தவர்களை எண்ணினால் சின்னதில்லை. செய்தி ஆசிரியர் வைத்த பெயர் அது. விளம்பரம் ரத்தாகும் நாட்களில் மட்டும் பக்கத்துக்குள் நுழையும். பதின்மூன்று மாதத்தில் மொத்தம் எண்பத்து நான்கு சென்டிமீட்டர்.

"நிமிர்த்தி வச்சா என் இடுப்புக்குக்கூட வராது" என்று ஒருமுறை சொன்னாள்.

"உங்க உயரத்துக்கு அது பெரிய போர்தான் அக்கா" என்றார் லேஅவுட்காரர்.

ஒன்பது நாளாகத் தங்கையின் கணவரிடமிருந்து போன் இல்லை. தங்கை தினமும் காலையில் ஏழாம் பக்கத்தைத்தான் முதலில் திறப்பாள். பிறகு போன் வரும். "இன்னைக்கும் ஒண்ணுமில்லையேக்கா. பக்கம் உன் கையிலதானே இருக்கு?"

இன்று செய்தி ஏஜென்சியிலிருந்து நான்கு வரி வந்திருந்தது. அவர் இருக்கும் நகரத்தின் பெயர் அதில் இருந்தது. சண்டை நடக்கிறது, ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் இயங்குகிறது.

செய்தி ஆசிரியர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பனிக்கரடி குட்டி போட்டிருக்கு. கலர் படம். அத வச்சு மூடும்மா."

"சின்னப் போர் இருக்கு சார். ஆஸ்பத்திரி விஷயம்."

"நாலு வரிய வச்சுக்கிட்டு பதினாறு சென்டிமீட்டர நிரப்புவியா? படம் இருக்கா?"

"இருக்கு சார்."

இல்லை. அந்த நாட்டுக்கு எந்தப் படக்காரரும் போகவில்லை. அவள் பழைய படங்களுக்குள் 'போர், ஆஸ்பத்திரி' என்று தேடினாள். இடிந்த சுவர், கவிழ்ந்த கட்டில், பாதி எரிந்த நீலத் திரை. பெரிய போரில் போன வருடம் எடுத்தது. இப்படிப் போடுவது வழக்கம்தான். கீழே பொடி எழுத்தில் 'கோப்புப் படம்' என்று இருந்தால் போதும்.

"ஒரு வரி கூடுதுக்கா. எத வெட்டட்டும்?" என்றார் லேஅவுட்காரர்.

கணினித் திரையில் கடைசி வரி 'ஆஸ்பத்திரி தொடர்ந்து இயங்கி வருகிறது'. அதற்கு மேலே படம், படத்தின் கீழே 'கோப்புப் படம்'. மணி ஐந்து இருபத்து மூன்று.

"கோப்புப் படம்ங்கிறத வெட்டுங்க" என்றாள்.

காலை ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. தங்கை செருப்பில்லாமல் நின்றாள். கையில் ஏழாம் பக்கம் மட்டும்.

"இது அவரு வார்டுக்கா. இந்த நீலத் திரை. வீடியோ கால்ல காட்டினாரே, நீயும் பார்த்தியே."

"அது அவரு ஆஸ்பத்திரி இல்லடி. உள்ள வா."

"அப்ப யாரு ஆஸ்பத்திரி?"

"வேற நாடு. வேற போர். போன வருஷப் படம். படம் இல்லாம போடவிடமாட்டாங்கன்னு வச்சேன். கீழ படி, ஆஸ்பத்திரி ஓடுதுன்னு போட்டிருக்கேன். உனக்காகத்தான் போட்டேன்."

தங்கை படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"படத்துல பொய் சொன்ன நீ எழுத்துல மட்டும் உண்மையச் சொல்லியிருப்பேன்னு எப்படி நம்பறது?"

தண்ணீர் கொண்டுவர அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தங்கை படியிறங்கிவிட்டிருந்தாள்.

அன்று அலுவலகத்தில் செய்தி ஆசிரியரிடம் திருத்தம் போட வேண்டும் என்றாள்.

"ஒரு வாசகன்கூடக் கேக்கல. யாருக்கும்மா திருத்தம்?"

"எங்க வீட்டுக்கு சார்."

அவர் பேனாவை மூடினார். "ரெண்டாம் பக்கம். மூணு சென்டிமீட்டருக்கு மேல கேக்காத."

மறுநாள் திருத்தம் வந்தது. அளந்து பார்த்தாள், இரண்டே முக்கால். டயர் விளம்பரம் திரும்பியிருந்தது. பனிக்கரடிக் குட்டி ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. பெரிய போருக்கு முப்பது சென்டிமீட்டர். சின்னப் போர் இல்லை. காலையில் தங்கையின் போன் வரவில்லை. பதினொரு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"திருத்தம் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அவருகிட்டேருந்து?"

"இல்ல. நாளைக்குப் பக்கத்துல விளம்பரம் இருக்கா?"

"முழுசா இருக்கு. இடமில்ல."

"சரி" என்று தங்கை வைத்துவிட்டாள்.

ஐந்து இருபத்தைந்துக்குப் பக்கம் அச்சுக்குப் போனது.