குழிக்குள் அணைந்த தீக்குச்சி

நோபாந்துவின் புருஷன் மோங்கேசி செத்தது ஒரு பீப்பாய் பியருக்காக. கான்ஸ்டபிள் வுயிசிலே அதை உதைத்துக் கவிழ்க்க வந்தபோது அவன் குறுக்கே போய் நின்றான். உதை பீப்பாயின் மேல் விழவில்லை. சில நாள் ரத்தமாக மூத்திரம் போய்க் கிடந்து, பிறகு கண்ணை மூடினான்.

கெய் ஆற்றங்கரைக்காரர்கள் சர்க்கார் கடையில் காசு கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், வீட்டில் ஒரு சட்டி காய்ச்சக் கூடாது. அதுதான் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டம். செத்துப்போனவர்களுக்குக் கடைப் பியரை வைத்துப் படைக்க முடியுமா என்று அதை எழுதிய மகராசனை யார் போய்க் கேட்பது?

வருஷம் திரும்பியது. மோங்கேசியை வீட்டுக்கு அழைத்தாக வேண்டும். மாடு வெட்டி, வீட்டுப் பெண் தன் கையால் காய்ச்சிய பியரை மாட்டுப்பட்டியில் வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவன் உள்ளே வருவான். அதுவரை நாதியற்றவனாக வெளியிலேயே குளிரில் நிற்பான். நோபாந்துவுக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது. அவன் நிற்பதை நினைத்து நினைத்தே அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. மழை பொய்த்த வருஷம் வேறு. வீடு வீடாகக் கையேந்தித்தான் முளைகட்டச் சோளம் சேர்த்தாள். சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

காய்ச்சிய பியரை வீட்டில் வைத்தால் போலீஸ் எடுத்துவிடும். முற்றத்தில் புதைத்தால் இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். மாட்டுப்பட்டிதான் தோதான இடம். மருமகளாக வந்தவள் அதற்குள் கால் வைக்கக் கூடாது, பியரோ பெண்களின் வேலை, அங்கே போய் யார் தேடுவார்கள்? பட்டியின் நடுவில் மாமனார் காலத்துத் தானியக் குழி ஒன்று இருந்தது. ஓர் ஆள் நுழையும் வாய், பானை மாதிரி வயிறு. கொழுந்தன் தெம்பிலே பியர்ப் பானைகளைக் கயிற்றில் இறக்கி, மேலே பலகைக்கல்லை வைத்துச் சாணி பூசினான்.

புதன்கிழமை காலையில் கல்லை நகர்த்தி, குழிக்குள் கையை விட்டுத் தீக்குச்சி கிழித்துப் பார்த்தான். நோபாந்து பட்டி வேலிக்கு வெளியே நின்றாள்.

"என்ன தம்பி?"

"எரியுது அண்ணி. எரிஞ்சு முடிஞ்சு என் விரலையும் சுட்டுடுச்சு."

"அணையணும்டா. பியர் நல்லாப் பொங்கி மூச்சு விட்டா குச்சி தானா அணையும். அப்பதான் பக்குவம்."

"உங்க பியரும் உங்களை மாதிரிதான். சொன்னா கேக்காது."

"உங்கண்ணன் இருந்தா இப்படி வாயாடுவியா?"

"சனிக்கிழமை வரட்டும், அவர்கிட்டயே கேட்டுக்கலாம்."

குச்சி அணைகிற குழியில் மனுஷன் இறங்கக் கூடாது என்பது அந்த ஊரில் நடை பழகிய குழந்தைக்கும் தெரியும். தானியம் எடுக்கக் குழியைத் திறந்தால்கூட ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டுத்தான் இறங்குவார்கள். வுயிசிலே பட்டணத்தில் பிறந்தவன். சோளத்தை மூட்டையில் மட்டும் பார்த்தவன்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜீப் வந்தது. வுயிசிலேயோடு, அவனைவிட வயதில் மூத்த ஜோங்கிலே என்ற கான்ஸ்டபிளும் இறங்கினான். வுயிசிலே கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தான். திறந்தே கிடந்த கதவு அது. சட்டிகளைப் போட்டு உடைத்தான், படுக்கையைக் கிழித்தான்.

"நாளைக்கு ஊரே இங்க வருதாமே. வெறும் தண்ணியா குடுப்பே? எங்கடி வச்சிருக்கே?"

"இல்லைங்க."

தடி அவள் வாயில் இறங்கியது. முன்பல் ஒன்று ரத்தத்தோடு கையில் விழுந்தது.

"இனி வாயைத் தொறந்தா பியர் இருக்கிற இடத்தைச் சொல்லத்தான் தொறக்கணும். வேற பேச்சு வந்தா மிச்சப் பல்லும் போயிடும்."

தெம்பிலே ஓடிவந்து தடியைப் பிடித்தான். வுயிசிலே அதைப் பிடுங்கி அவன் முழங்கையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. கீழே விழுந்தவனை விலாவிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தான்.

"விடுப்பா, செத்துத் தொலைச்சிடப் போறான்" என்றான் ஜோங்கிலே.

"இவங்க பரம்பரையில யாரும் சட்டுனு சாகறதில்லை. இவன் அண்ணன் எத்தனை நாள் இழுத்துக்கிட்டுக் கிடந்தான், தெரியுமில்ல?"

அடி வாங்குகிறவனின் கண் பொய் சொல்லாது. தெம்பிலேயின் கண் ஒரு தரம் பட்டிப் பக்கம் போனது, வுயிசிலே அதைப் பார்த்துவிட்டான். நோபாந்துவின் தலைமயிரைப் பற்றித் தரதரவென்று இழுத்துப் போனான். ஜோங்கிலே பின்னாலேயே போனான். அவள் பட்டி வாசல் கட்டையைக் கட்டிக்கொண்டாள்.

"அடிச்சே கொல்லுங்க. இதுக்குள்ள மட்டும் இழுக்காதீங்க. நான் கால் வைக்கக் கூடாத இடம்."

அவள் விரல்களைப் பூட்ஸால் மிதித்துப் பிரித்து உள்ளே தள்ளினான். இருபது வருஷம் தாண்டாத வாசலை அவள் தவழ்ந்து தாண்டினாள்.

பட்டி நடுவே பூசியிருந்த ஈரச் சாணியில் மாட்டுக் குளம்பு ஒன்றுகூடப் பதியவில்லை. அவன் அதை எத்தித் தள்ளிக் கல்லைப் புரட்டினான். புளித்த வாடை மேலே வந்தது. உள்ளே இருட்டு. தீக்குச்சி கிழித்துக் கையை இறக்கினான், அணைந்தது. இன்னொன்று கிழித்தான், அதுவும் அணைந்தது.

"ஒரு இலை அசையலை, எதுக்கு அணையுது?"

நோபாந்துவின் மனம் துள்ளியது. அடியையும் அவனையும் அந்த ஒரு கணம் மறந்தே போனாள். பக்குவமாகிவிட்டது, நாளைக்கு மோங்கேசி வந்துவிடுவான். அதற்கு அடுத்த கணம்தான் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பது யார் என்பது உறைத்தது.

"என்னடி முழிக்கிறே?"

"பியர் பக்குவமாயிடுச்சு" என்றாள்.

சொன்னது அவ்வளவுதான். அந்த ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் காலை மேலே எடுத்திருப்பான். வுயிசிலே சிரித்தான்.

"அப்ப முதல் குவளை எனக்குத்தான். உன் புருஷன் பேரைச் சொல்லியே குடிக்கிறேன்."

குதித்தான். ஒரு பானை உடைந்தது. பூட்ஸ் மண்ணில் உராய்ந்தது, தொண்டையிலிருந்து மாடு செருமுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

ஜோங்கிலே பேர் சொல்லிக் கத்திக்கொண்டே இறங்கப் போனான். நோபாந்து அவன் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். உதைத்தான், விடவில்லை.

"இறங்காதீங்க அண்ணே. குச்சி அணைஞ்சுதே, பாக்கலையா? உள்ள மூச்சு விட முடியாது. நீங்களும் செத்துப்போவீங்க."

அவன் மூச்சிரைக்க அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அவன்கிட்ட ஏன் இதைச் சொல்லலை?"

"சொன்னேன்."

"இப்ப எனக்குச் சொன்ன மாதிரியா சொன்னே?"

அவள் ரத்தத்தைத் துப்பினாள்.

கொக்கி போட்டுத் தூக்கியபோது வுயிசிலேயின் முகம், வாய், சட்டை எல்லாம் பியர். பானைக்குள் முகம் குப்புற விழுந்திருந்தான். குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று ஜோங்கிலே எழுதிக் கொடுத்தான். பியர் யாருடையது என்று எழுதவில்லை, மிச்சப் பானைகளையும் தொடவில்லை. அவளுக்காக எழுதினானா, தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினானா, அவனுக்கே வெளிச்சம்.

சனிக்கிழமை சொந்தபந்தம் கூடியது. பங்காளிகளில் மூத்தவரான பூசுமுசி உடையாத பானை ஒன்றை முகர்ந்து பார்த்தார். அப்படியே கீழே வைத்தார்.

"நல்லாத்தான் வந்திருக்கு மருமகளே. ஆனா படைக்க முடியாது."

"இந்தப் பானையில அவன் படலையே மாமா."

"எல்லாம் ஒரே காய்ச்சல்தானே. படைக்கிற பியர்ல முதல் வாய் செத்தவனுக்கு. முதல் வாய் குடிச்சது யாரு? இதை வச்சு மோங்கேசின்னு கூப்பிட்டா, அந்தப் போலீஸ்காரன்தான் வீட்டுக்குள்ள வருவான்."

வந்தவர்கள் எழுந்தார்கள். மாடு வெட்டாமலே கலைந்து போனார்கள். ஒரு தரம் தாண்டிவிட்ட வாசல்தானே என்று நோபாந்து பட்டிக்குள் போய்ப் பானைகளை ஒவ்வொன்றாகக் குழிக்குள் கவிழ்த்தாள். தெம்பிலே ஒற்றைக் கையால் மண்ணைத் தள்ளி மூடினான். பிடிச் சோளம்கூட மிச்சமில்லை. இனி மழை பெய்து, விதைத்து, விளைந்தால்தான் அடுத்த பியர்.

அதுவரை மோங்கேசி வெளியில்தான் நிற்பான். போன வருஷம் அவனை அங்கே அனுப்பியது வுயிசிலே. இந்த வருஷம் நிறுத்தி வைத்தது யார் என்று நோபாந்துவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.