யாருக்கும் இல்லாத பெயர்

2005-இல் மரக்காணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஒருநாள் உப்பள மேஸ்திரி ஒருவர் வந்தார். வெயிலில் கருகிய முகம், உப்புப் பூத்த புருவம். தெருவில் யார் யாரைக் கூப்பிட்டாலும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

“அளத்துல எம்பேர்ல ஏழு பேர் இருக்கறோம் தம்பி. எவனைக் கூப்ட்டாலும் நான் திரும்பறேன். எம்பொண்ணுக்கு இந்தக் கதி வேணாம். யாருக்கும் இல்லாத பேரா ஒண்ணு எடுத்துக் குடு.”

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பொறுப்பாகத் தேடி ‘ஃப்ளாவியா’வைக் கண்டுபிடித்தேன். லத்தீன் பெயர், பழைய ரோமாபுரிக் குடும்பம் ஒன்றுடையது, பொன்னிறக் கூந்தல்காரி என்று பொருள், இப்போது மிக அபூர்வம்.

“பொன்னிறக் கூந்தலாம், பரவாயில்லையாண்ணே?”

“முடி இன்னும் மொளைக்கலப்பா. மொளைக்கறப்ப பாத்துக்கலாம்.”

அந்தப் பக்கத்தை அச்செடுத்து லேமினேட் செய்துகொண்டு போனார். பெயர் வைத்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் ‘அபூர்வம்’ என்ற இடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

மறுவருடம் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடும் நாளில், நர்ஸம்மா “ஃப்ளாவியா” என்று கூப்பிட்டார். குழந்தையோடு நாலு பேர் எழுந்தார்கள். மேஸ்திரியும் அவர்களில் ஒருவர்.

“என்னாய்யா இது? அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடறேன், வாங்க” என்று நர்ஸம்மா ஒரு பெயரைச் சொன்னார். அதற்கும் மேஸ்திரியும் அவர் பெயர்கொண்ட இன்னொருவருமாக இரண்டு பேர் வந்தார்கள்.

அங்கிருந்து குழந்தையோடு நேரே சென்டருக்கு வந்து நடந்ததைச் சொன்ன மேஸ்திரி, “லேமினேட் பண்ணியிருக்கக் கூடாது தம்பி” என்றார் என்னிடம்.

வாசலில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பினார். இடுப்பிலிருந்த குழந்தையும் திரும்பியது.