ஒரே பேரில் இரண்டு அப்பா

முதலியார்பேட்டையில் பிரேம்குமாரின் ஃபிளக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கார்குழலியிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்தவர்கள்.

“வாட்ஸ்அப்ல அனுப்புனா படம் சுருங்கிப் பூடும்னு எத்தினி வாட்டி சொல்றது? ஆறடிக்கு அடிச்சா மூஞ்சி கட்டம் கட்டமா ஒடையும். மெயில்ல போடுங்க!”

அவள் பஞ்சாலைத் தொழிலாளியின் மகள். ஆலை மூடியபோது அவள் அப்பா வாயைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டார். அவர் போடாத சத்தத்தையும் சேர்த்து இவள் போடுகிறாள் என்பார்கள் தெருக்காரர்கள். கல்யாணமும் ஆயிற்று. ஆகாமலே இருந்திருக்கலாம் என்று அவளே சொல்லுமளவுக்கு ஆயிற்று. இப்போது மகளோடு தனியாக இருக்கிறாள். வாடகை, பள்ளிக்கூடம், சோறு எல்லாம் இந்தக் கடைச் சம்பளத்தில்தான்.

கடைக்குச் சோறு போடுவது சாவு பேனர். கல்யாணக்காரர்கள் எழுத்தை மாற்று, பூவை மாற்று என்று நாள் கணக்கில் இழுப்பார்கள். சாவு வீட்டுக்காரர்களுக்கு உச்சி வேளைக்குள் வேண்டும். மகனோ மகளோ போனில் இருக்கிற படத்தை அனுப்புவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் ‘அப்பா’. இல்லையென்றால் ‘அம்மா’. செத்தவரின் சொந்தப் பேரை யாரும் படத்துக்கு வைப்பதில்லை. பெற்றவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத ஊர் வேறெப்படி வைக்கும்? அதனால் கார்குழலி ஒவ்வொரு மெயிலாகத் திறந்து, முகத்தைப் பார்த்து, ‘நைனார்மண்டபம் மேஸ்திரி’, ‘மார்க்கெட் பூக்காரம்மா’ என்று தானே பேர் வைத்து எடுத்துவைப்பாள்.

அதில் மண்ணைப் போட வந்தான் நிலவன். பிரேம்குமாரின் மச்சான், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. விடுமுறைக்கு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, ஒற்றை வரி அடித்துக் காட்டினான். மெயிலில் வந்த படங்களெல்லாம் தாமாகவே பிரிந்து ஒரே ஃபோல்டரில் வந்து விழுந்தன.

“ஒவ்வொண்ணா தொறந்துகிட்டு இருக்காதீங்கக்கா. இந்த வரிய அடிச்சி என்டர் தட்டுங்க, போதும்.”

“ஒரே பேர்ல ரெண்டு வந்தா?”

“புதுசு பழசு மேல ஒக்காந்துக்கும். இல்லன்னா ஃபோல்டர்ல குப்ப சேரும்.” வரியின் கடைசியில் ஒரு கோடும் ஒரு எழுத்தும் சேர்த்திருந்தான். பழசை அழித்துப் புதுசை வைப்பதுதான் அந்த எழுத்துக்கு வேலை.

“தம்பி, இங்க வர்றது எல்லாமே அப்பாதான்.”

அவன் சிரித்தான். பிரேம்குமாரும் சேர்ந்து சிரித்தார். “படிச்ச புள்ள சொல்லுது, நீ சும்மா செய்யி.”

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. சரி, அவன் சொன்னபடியே செய்கிறேன், எவன் அப்பாவாக இருந்தால் எனக்கென்ன என்று அன்றிலிருந்து மெயிலைத் திறந்து முகம் பார்ப்பதையே விட்டாள். வரியை அடிப்பாள், என்டரை இடிப்பாள். எல்லாம் வீம்புக்குத்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை முதல் மெயில் வந்தது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் நாராயணசாமி இறந்துவிட்டார். கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மகள் செந்தமிழ்ச்செல்வி படம் அனுப்பியிருந்தாள். கார்குழலி வரியை அடித்துப் படத்தை இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சாவு. பழைய ஆலைத் தொழிலாளி அம்மாவாசை. அந்தப் படத்துக்கும் பேர் ‘அப்பா’தான். மறுபடியும் வரியை அடித்தாள். பிறகு நாராயணசாமி பேனரில் ‘அப்பா’வை வைத்து அடித்துக் கொடுத்தனுப்பினாள்.

அம்மாவாசை பேனரைச் செய்ய உட்கார்ந்து ‘அப்பா’வைத் திறந்தபோது காலையில் வைத்த அதே முகம் வந்து நின்றது.

“ண்ணா, நாராயணசாமி பேனர்ல அம்மாவாசை மூஞ்சி போயிருச்சி. கட்றதுக்குள்ள ஒரு போன் போடுங்க!”

“சும்மா இரு. வந்தா பாத்துக்கலாம்” என்றார் பிரேம்குமார்.

வந்தாள் செந்தமிழ்ச்செல்வி. முந்தின நாள் கட்டிய சேலை, வீங்கிய கண், கையில் சுருட்டிய பேனர்.

“இது யாரு அண்ணா? தெருவே பாத்து சிரிக்குது. பெத்த அப்பன் மூஞ்சி தெரியாதவளான்னு பெரியப்பா எல்லார் முன்னாடியும் கேக்கறாரு.”

பிரேம்குமார் குரலில் தேனைத் தடவிக்கொண்டார். “நீ அனுப்புன படம்தாம்மா அது. போன்ல ஆயிரம் படம் கெடக்கும், துக்கத்துல மாத்தி அனுப்பியிருப்ப. பரவால்ல, வேற அடிச்சித் தரோம்.”

அவள் எதிர்த்துப் பேசவில்லை. போன் வீட்டில் யார் கையிலோ இருந்தது. “நானா மாத்தி அனுப்புனேன்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். “ஆமா, தூக்கமே இல்ல... நானாதான் இருக்கும். அப்பாவ நானே...” சொல்லிக்கொண்டே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கார்குழலிக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு கோபம் என்று தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தாள். கணினித் திரையைப் பிடித்துத் திருப்பினாள்.

“அடிச்சிக்காத! இங்க பாரு. இது நீ அனுப்புன மெயிலு. இதுல இருக்கறது யாரு?”

மெயிலுக்குள் நீலச் சட்டையில், பின்னால் விசைப்படகுகள் நிற்க, வாயைத் திறந்து ஏலம் கூவிக்கொண்டிருந்தார் நாராயணசாமி.

“நீ சரியாத்தான் அனுப்புன. கெடுத்தது இந்தக் கடை.”

“கார்குழலி! இன்னொரு வார்த்த பேசுன, நாளையிலருந்து வராத.”

“வரல. இத அடிச்சிட்டுப் போறேன். நீங்க ஒரு பொணத்து மேல பொய் சொல்றீங்கண்ணா. சாமி கும்புடற ஆளுதான நீங்க? வெக்கமா இல்ல?”

அவர் நாராயணசாமியின் மகளைப் பார்த்தார், வாசலில் கூடிவிட்ட ஆட்களைப் பார்த்தார், விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். கார்குழலி வரியை மறுபடி அடித்தாள், கடைசிக் கோட்டையும் எழுத்தையும் மட்டும் விட்டுவிட்டு. இரண்டு அப்பாக்களும் தனித்தனியாக வந்து நின்றார்கள். இரண்டு பேனரையும் அடித்தாள். ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, மற்றதைத் தோளில் போட்டுக்கொண்டு செந்தமிழ்ச்செல்வியோடு நடந்தாள்.

சாவு வீட்டு வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார். கார்குழலி அவருக்கு நேராகப் போய் நின்று, பறைக்கும் மேலே கத்தினாள்.

“இந்தப் பொண்ணு சரியான படத்ததான் அனுப்புச்சி. தப்பு என்னுது. திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க.”

அவர் திட்டினார். கேட்கக் கூசுகிற திட்டு. வாங்கிப் பழக்கமில்லாதவள் நின்று வாங்கிக்கொண்டாள். அவர் ஓய்ந்த பிறகுதான் செந்தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தாள்.

“எங்கப்பாவ ஒரு தபா பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே அக்கா. காலைல மெயில் வந்தப்ப ஏன் பாக்கல?”

நிலவன் பேரும் பிரேம்குமார் பேரும் கார்குழலியின் நாக்கு நுனிவரை வந்தன.

“கோவத்துல பாக்கல.”

செந்தமிழ்ச்செல்வி அவளை வெறித்தாள். கை ஓங்குவாள் என்றுகூடத் தோன்றியது. பிறகு பேனரை அவள் தோளிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, விளக்குக் கம்பத்தில் சாத்தியிருந்த ஏணியில் தானே ஏறினாள். ஏணி ஆடியது.

“புடி ஏணிய” என்றாள்.

கார்குழலி இரண்டு கையாலும் பிடித்தாள்.