மை பூசிய டயர்

என் பெண்டாட்டி பிறப்பதற்கு ஏழு மாதம் முன்பே அவள் உயிரைக் காப்பாற்றியவன் நான். கல்யாண வீடு, காதுகுத்து, சடங்கு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் இதை ஒரு தடவை சொல்லிவிடுவேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அது பச்சைப் பொய். காப்பாற்றவில்லை, கொல்லப் பார்த்தேன். அதுவும் ஒன்பது வயதில், ஒரு பிளேடை வைத்துக்கொண்டு.

பதற வேண்டாம். பிளேடு டயரில்தான் பட்டது.

என் பெண்டாட்டி எனக்குத் தாய்மாமன் மகள். அவள் என் அத்தை வயிற்றில் இருந்தபோது நடந்த கதை இது. இருக்கிறாள் என்று அத்தைக்கு மட்டும்தான் தெரியும். மாமாவுக்கே தெரியாது. இருக்கன்குடி மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் மனுசங்களிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாளாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது மாமாவின் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்.

மாமா திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினார். பிரஸ்ஸில் கை எப்போதும் கறுப்பாக இருக்கும். அதற்கு ஈடு கட்டுவதுபோல வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். டேங்க் பளபளக்கும், மட்கார்டு பளபளக்கும், பின் டயரும் பளபளக்கும். டயர் பளபளத்தால் அது நல்ல செய்தி இல்லை.

டயர் மேல் புடைத்து நிற்கும் கட்டங்களை எங்கள் பக்கம் பட்டன் என்போம். மாமாவின் பின் டயரில் பட்டன் இருந்த அடையாளம்கூட இல்லை. வருசா வருசம் கோவிலில் எனக்கு மொட்டை போடுவார்கள். சந்தனம் தடவுவதற்கு முன்னால் என் தலை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பஞ்சர் ஒட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொள்வார். மாமா பதில் தயாராக வைத்திருந்தார்.

"மழையே பெய்யாத சீமைன்னுதான இங்கன வெடிக் கம்பெனியே வந்துச்சு. பட்டன் எதுக்கு அண்ணாச்சி? ஈரத்துல வழுக்காம இருக்க. ஈரம் எங்கன இருக்கு, காட்டுங்க பாப்போம்."

பஞ்சர்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம் இல்லை. மாமா ஜெயித்துவிட்டார். எனக்கும் அது பெரிய அறிவாகத்தான் பட்டது. நான் அப்போது நாலாம் வகுப்பை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் நானும் படிக்கவில்லை, பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை.

அத்தை கல்யாணமாகி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மல்லாங்கிணற்றுக்காரி. அவள் அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். மற்றப் பிள்ளைகள் தொட்டிலில் தூங்கினால் இவள் டயருக்குள் சுருண்டு தூங்கி வளர்ந்திருப்பாள் போல. ஒரு நாள் மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். குனிந்தாள். பின் டயரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள்.

"இதுல இனிமே நான் ஏற மாட்டேன்."

"ஏன், வண்டிக்கு என்ன கொறச்சலு?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. டயருதான் செத்துப்போச்சு. எங்கய்யா மட்டும் பாத்தாருன்னா ஒங்கள எறக்கிவிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டே போகச் சொல்லுவாரு. வார வெள்ளிக்கெழம இருக்கன்குடிக்குப் போகணும். டயர மாத்துனீகன்னா வண்டியில வாரேன். இல்லையா, நான் பஸ்ஸுல போயிக்கிறேன். நீங்க பின்னால ஆரன் அடிச்சுக்கிட்டே வாங்க."

வண்டி வைத்திருக்கிறவன் பெண்டாட்டி பஸ்ஸில் போவதா? மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. மாத்திருவோம் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது மாற்றத்தான் நினைத்திருப்பார். ஆனால் அது காலண்டர் சீசன், மூச்சு விட நேரமில்லை. அதோடு, வண்டி வாங்கும்போது கூடவே வந்த டயர் அது. அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே மாமா பிரஸ்காரர். எழுத்து மங்கலாக விழுந்தால் கொஞ்சம் மை கூட்டி ஓட்டு, சரியாகிவிடும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய மனுசன்.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே அட்டை வெட்டுகிற கட்டர் பிளேடு ஒன்று, கவரில் ஒரு உருண்டை கறுப்பு மை, துடைக்கிற பனியன் துணி கொஞ்சம். வண்டியை வீட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மருமகனே, இங்கன வாலே. காலண்டர் அட்டையில நீ வெட்டுன மீன நான் பாத்தேன். செதிலு மொதக்கொண்டு வெட்டியிருந்த. ஒனக்குக் கை வருதுலே."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியது கிடையாது. அந்த நேரத்தில் மாமா கேட்டிருந்தால் ரயில் தண்டவாளத்தைக்கூட வெட்டியிருப்பேன். அவர் சாக்பீஸால் டயரைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தக் கோட்டில் நான் பிளேடால் கீற வேண்டும். "மேலாக்கக் கீறு. ஆழமாப் போட்ராத" என்றார். கூலி, வெள்ளிக்கிழமை டேங்க் மேல் உட்கார்ந்து வரலாம். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மேலாகத்தான் கீறினேன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பூனை பிறாண்டியது மாதிரி இருந்தது. கை வருகிற ஆள் செய்த வேலை இப்படியா இருக்கும்? இரண்டாம் சுற்றில் கொஞ்சம் அழுத்தினேன். மூன்றாம் சுற்றில் இன்னும் கொஞ்சம். ஓர் இடத்தில் ரப்பருக்குள்ளிருந்து நூல் எட்டிப் பார்த்தது.

டயருக்குள் நூல் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இழுத்துப் பார்த்தேன், விரல் நீளத்துக்கு வந்தது. இன்னும் இரண்டு மூன்று இடத்திலும் வந்தது. தைத்த சட்டையில் பிசிறு நின்றால் டெய்லர் என்ன செய்வார்? நறுக்கிவிடுவார். நானும் நறுக்கிவிட்டேன். மேலே மையை எடுத்து நன்றாக அப்பினேன்.

டீ குடித்துவிட்டு வந்த மாமா அசந்துபோனார். "ஏலே! புது டயரு கெட்டுச்சு போ!" மிச்சம் இருந்த மையைப் பக்கவாட்டிலும் தேய்த்தார். பிறகு இரண்டு பேரும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைக் கழுவினோம். கையில் மை போனது. நகத்தில் போகவில்லை. நூல் விஷயத்தை நான் மாமாவிடம் சொல்லவில்லை. அடி விழும் என்று பயந்ததால் இல்லை. பாராட்டு குறைந்துவிடும் என்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை மஞ்சள் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. நான் முதலிலேயே டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டயர் கறுகறுவென்று மின்னியது. அத்தை அதைப் பார்த்தாள். குனியப் போனாள். மாமா சட்டென்று கிக்கரை உதைத்து, "நேரமாச்சு, நட சாத்திருவாக" என்று அவசரப்படுத்தினார். அத்தை குனியாமல் என் பக்கம் திரும்பினாள்.

"மருமகனே, நீ சொல்லு. டயர மாத்துனாகளா?"

மாமா ஸ்பீடு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றுகொண்டிருக்கிறது, அதில் என்ன ஸ்பீடு இருக்கும்? எனக்கு டேங்க் சூடு தொடையில் சுகமாக ஏறிக்கொண்டிருந்தது.

"மாத்தியாச்சு அத்த. புதுசு."

"நெசமா?"

"நெசமா."

அவ்வளவுதான். அத்தை சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். டயரைத் தடவிப் பார்க்கவில்லை. என் சொல்லை நம்பி ஓர் ஆள் ஒரு காரியம் செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சாத்தூர் ரோட்டில் நல்ல வெயில். மாமா சொன்னதுபோல ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்த வருச மொட்டை போட்டிருந்த என் தலை காற்றில் ஜில்லென்று இருந்தது. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் வெடி ஆபீஸ் என்போம். அப்படி ஓர் ஆபீஸ் வாசலைத் தாண்டும்போது, எனக்குப் பின்னால் உலகமே வெடித்தது.

வண்டியின் வாலை யாரோ பிடித்து இழுத்தது போல இருந்தது. இந்தப் பக்கம் ஓர் ஆட்டு, அந்தப் பக்கம் ஓர் ஆட்டு. மாமா பிரேக்கை மிதிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டோரம் கொட்டிக்கிடந்த மணலில் கொண்டுபோய் வண்டியைச் சாய்த்தார். அந்த மணலை யார் கொட்டினார்களோ, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும். எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. மாமாவுக்கு முழங்கால் தேய்ந்தது. அத்தை மணலைத் தாண்டி விழுந்திருந்தாள்.

எங்கள் பக்கம் டமார் என்று கேட்டால் யாரும் என்ன சத்தம் என்று கேட்க மாட்டார்கள். எங்கே என்றுதான் கேட்பார்கள். அதையும் ஓடிக்கொண்டே கேட்பார்கள். ஆபீஸ் வாசலிலிருந்து பொம்பளைகள் வெறுங்காலோடு ஓடி வந்தார்கள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி, வெள்ளியில் செய்த கை மாதிரி. "எந்த ரூமு? எந்த ரூமு?" "எந்தங்கச்சி எங்கடி? எந்தங்கச்சியப் பாத்தியா?" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு வந்தவர்கள், சாய்ந்துகிடந்த வண்டியையும் மணலில் உட்கார்ந்திருந்த என் மொட்டையையும் பார்த்தார்கள்.

"அட நாசமாப் போறவுகளா, டயரா?" என்றாள் ஒரு வயசான பொம்பளை.

"டயருக்கா நான் செவத்துல முட்டிக்கிட்டு ஓடியாந்தேன்? நெத்தியப் பாருடி!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஒருத்தி மட்டும் ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். டயர் வெடித்ததற்கு, அதுவும் நம்ம டயர் வெடித்ததற்கு, இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இன்னொருத்தி. தங்கச்சியைத் தேடி வந்தவள் அந்த அழுதவள்தான் போலிருக்கிறது.

மற்றவர்கள் அத்தையைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மஞ்சள் சேலை முழுக்க வெள்ளிக் கை அச்சு. முழங்கையில் ரத்தம் வழிந்தது. அதை விட்டுவிட்டு அத்தை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாவம், விரதம், பசி போல என்று டவுசர் பையிலிருந்த பொட்டுக்கடலையை எடுத்து நீட்டினேன். அந்த வயசான பொம்பளை அத்தையின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், குனிந்து காதில் ஏதோ கேட்டாள். அத்தை இரண்டு விரலைக் காட்டினாள். அந்தப் பொம்பளைக்கும் ஒரு பங்கு கேட்கிறாள் என்று நினைத்து நான் கடலையை இரண்டாகப் பிரித்தேன்.

"வலிக்குதா தாயி? கசிவு எதுவும் இருக்கா?"

அத்தை இல்லை என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எழுந்தாள். நேரே வண்டிக்குப் போனாள். மாமா வண்டிக்கு அந்தப் பக்கம் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் டயர் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. நான் அழுத்திக் கீறிய அதே கோட்டில். என் கைவேலை எனக்குத் தெரியாதா? அத்தை உள்ளங்கையால் டயரைத் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது.

மாமாவின் கையைப் பார்த்தாள். பிரஸ்காரர் கையில் மை இருப்பது ஒரு சாட்சியா? பிறகு கடலை வைத்திருந்த என் கையைப் பார்த்தாள். பத்து நகத்திலும் கறுப்பு.

வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பொம்பளைகள் கொடுத்த தண்ணீரில் முந்தானையை நனைத்து, என் நகத்தை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கீழே விழுந்த அதிர்ச்சியிலும் இவ்வளவு சுத்தம் பார்க்கிறாளே என்று நினைத்தேன்.

இருக்கன்குடிக்கு பஸ்ஸில் போனோம். சாயங்காலம் வீட்டு வாசலில் அம்மா மறித்துக்கொண்டாள். எங்கம்மாவுக்கு மட்டும் நடந்தது தெரிந்திருந்தால் என் தோலை உரித்துப் புது டயராக மாட்டியிருப்பாள். அத்தைதான் முந்திக்கொண்டாள்.

"ஒரு நாயி குறுக்க விழுந்துருச்சு மதினி. அவுக மேல ஒரு தப்பும் இல்ல."

அம்மா ஒரு வாரம் அந்த நாயைத் திட்டினாள். நான் மாமாவிடம் ரகசியமாக, "அத்தைக்கு ஒண்ணுமே தெரியல மாமா, ஏமாந்துருச்சு" என்று சொல்லிச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை புது டயர் மாட்டினார். பழையதை உருட்டி விளையாடக் கேட்டேன், அத்தை தரவில்லை. கஞ்சப் பிசினாறி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அத்தை எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் டயரைத் தடவி, உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். ரொம்ப வருசம் அதை நான் சாமி கும்பிடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் இல்லையா, அது மாதிரி.

பின்னாளில் அவள் மகளை எனக்குத்தான் என்று பேசி முடித்த அன்று, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து அத்தையைத் தனியாகப் பிடித்தேன். அத்த, எல்லாம் தெரிஞ்சிருந்துமா எனக்குப் பொண்ணு குடுக்கீக என்று கேட்டேன். அத்தை இலையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் சொன்னது என்னவென்றால்,

"ஏங்க! எம்புட்டு நேரம்? அம்மா வண்டிகிட்டயே நிக்காக. வாரீகளா, இல்ல நாங்க பஸ்ஸுல போகட்டுமா?"

என் பெண்டாட்டிதான். போக வேண்டும். இங்கிருந்து பார்த்தால் வாசல் தெரிகிறது. அத்தை குனிந்துவிட்டாள்.