ஒரு அருள் நிறைந்த மரியே நேரம்

ஜானட் அக்காவை நான் முதலில் பார்த்தபோது அவர் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் குனிந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். முணுமுணுப்பு தொடர்ந்தது. சட்டென்று தகட்டைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். கண்ணாடிமேல் பரவியிருந்த தெளிந்த பசை ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது, தண்ணீருக்கடியில் மேகம் கூடுவதுபோல. முழுதும் வெளுத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"இன்னா நைனா, நீதான் புதுசா வந்த எம்மெஸ்ஸியா?"

நான்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள், ஊரிலேயே முதல் எம்.எஸ்சி. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவேன்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சிறு நிறுவனம். மருந்து கம்பெனிகளுக்கு வடிகட்டும் சவ்வு செய்கிறோம். மூலப்பொருளின் பெயர் பிளாக் கோபாலிமர். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வகைச் சங்கிலிகளை நுனியில் முடிச்சுப் போட்டதுபோல இருக்கும் அது. கலக்கவும் மாட்டா, பிரியவும் முடியாது. இதை நான் பெருமையாக விளக்கியதும் அக்கா கேட்டார்:

"எங்க நாத்தனாரும் நானும் ஒரே வூட்ல கீறோமே, அது மாரியா?"

அதேதான். இதைக் கரைப்பானில் கரைத்ததுதான் அந்தப் பசை; பரப்பியதும் கரைப்பான் ஆவியாகத் தொடங்கும். அந்தச் சில நொடிகளில் சங்கிலிகள் தாமாகவே ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி, கண்ணுக்குத் தெரியாத துளைகளை ஒரே அளவில் வகுத்துக்கொள்ளும். அப்போது தண்ணீரில் இறக்கினால் அப்படியே உறைந்துவிடும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அக்கா ராயபுரத்துக் கத்தோலிக்கர், யோசிக்கவே இல்லை.

"ஒரு அருள் நிறைந்த மரியே."

எனக்கு அந்த ஜெபம் தெரியாது. அலுவலகத்தில் இருந்த அம்புரோஸ் அண்ணனைச் சொல்லச் சொல்லி, போனில் நேரம் பிடித்தேன். பதினான்கு நொடி. குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு முணுமுணுப்பை எண்ணாக்கிவிட்ட திருப்தி எனக்கு.

அக்டோபரில் கால் சுளுக்கி அக்கா ஒரு வாரம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, சவ்வைச் சோதிக்க வாடிக்கையாளர் வந்தார். பதினான்கு நொடி விட்டு ஆறு சவ்வுகளை நானே வார்த்தேன். சிவந்த புரதக் கரைசலை மேலே ஊற்றினால் கீழே தெளிந்த நீர் இறங்க வேண்டும். ஆறிலும் சிவப்பாகவே இறங்கியது.

முதலாளி கமாலுதீன் முகம் கறுத்துவிட்டது. "அந்தம்மா வேணும்னே தப்பா சொல்லிக்கீது. தான் இல்லாங்காட்டி இங்க வேலை நடக்கக் கூடாதுன்னு. திங்கக்கெழமைலேர்ந்து வர வேணாம்னு நீயே போய் சொல்லிட்டு வா."

சாயங்காலம் போனேன். ராயபுரத்துச் சந்துகளில் உப்புக்காற்று மெல்ல அலைந்துகொண்டிருந்தது. அக்கா வீட்டில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. காலை ஒரு முக்காலிமேல் நீட்டி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் முன்சொல்ல, அக்கம்பக்கத்தார் பின்சொன்னார்கள். அவர் குரல் போகும், கூடத்தின் குரல் வரும். அலை கல்லைத் தொட்டுத் திரும்புவதுபோலப் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வந்த காரியம் மறந்து கேட்டுக்கொண்டு நின்றேன். எத்தனை முறை போனது, எத்தனை முறை வந்தது, தெரியாது.

திடீரென்று உறைத்தது. அக்கா ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்துகிறார். போனை எடுத்து நேரம் பிடித்தேன். அவர் பங்கு ஏழு நொடி.

ஜெபம் முடிந்ததும் கேட்டேன். "அக்கா, ஒரு அருள் நிறைந்த மரியேன்னா எதுவரைக்கும்?"

"நான் சொல்ற வரைக்கும்தான். மீதி புனித மரியே, அது அவங்களுது. பதினஞ்சு வருசமா நான்தான முன்சொல்றேன்."

"நான் ரெண்டையும் சேர்த்து எழுதிட்டேன்க்கா."

"அட எம்மெஸ்ஸி! பாதி எது, முழுசு எதுன்னு தெரியாமயா இத்தினி வருசம் படிச்ச?" கூடமே சிரித்தது.

முதலாளி சொன்னதைச் சொன்னேன். அக்காவின் சிரிப்பு நின்றது.

"நான் பொய் சொன்னேன்னா சொன்னாரு?"

வேலை போவதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா நொண்டிக்கொண்டே வந்தார். பாதி ஜெபத்துக்குப் பதில் முழு ஜெபத்தின் நேரத்தை எழுதிய தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் என் கையெழுத்தைக் காட்டினேன். நம்பாத முகத்துடன் அவர் மேஜையருகே வந்து நின்றார். அக்கா பசையைப் பரப்பினார். உதடுகள் அசைந்தன, நின்றன. தகடு தண்ணீருக்குள் போனது. மேகம் கூடியது.

அந்தச் சவ்வில் சிவப்பு மேலேயே தங்கிவிட்டது. கீழே குவளையில் இறங்கிய தண்ணீரில் சன்னல் தெரிந்தது.

முதலாளி குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாதிதான்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"யாராவது கேட்டாத்தான சார் சொல்றதுக்கு? பொய்யின்னீங்களே, அத வாபஸ் வாங்குங்க."

வாங்கிக்கொண்டார், எல்லோர் முன்னாலும்.

வார்ப்பு மேஜைக்கு இப்போது ஜானட் அக்காதான் பொறுப்பாளர். குறிப்பேட்டில் பதினான்கை அடித்து ஏழு என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் இருப்பது அவருடைய கையெழுத்து.