உளுந்துச் செடி மேல் ஒரு டெஸ்ட் டிரைவ்

1. மேசைக்கு அந்தப் பக்கம்

விழுப்புரம் பைபாஸில் உள்ள ஒரு கார் ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் பிரிவில் இருக்கிறேன். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுக்க வருகிறவர்களின் பழைய வண்டிக்கு மதிப்புப் போடுவது என் வேலை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதைத்தான் செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். பயன்படாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு எழுதியாக வேண்டியிருக்கிறது.

மதிப்புப் போடுகிறவனுக்கு முதல் தகுதி முகம். துக்கம் விசாரிக்க வந்தவனைப் போல வண்டியைச் சுற்றி வர வேண்டும். கதவை விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, "ம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். பானெட்டைத் திறந்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும், உரிமையாளரே "கொஞ்சம் ஆயில் கசியுதுங்க" என்று ஒப்புக்கொள்வார். கேட்டால் சொல்ல மாட்டார். பெருமூச்சுக்குச் சொல்லிவிடுவார்.

அந்த முகத்தை எதிரில் பார்க்கும் பாக்கியம் எனக்கும் ஒருநாள் வாய்த்தது. என் மகள் யாழினி கால்நடை மருத்துவர். திண்டிவனம் தாண்டி, கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பெருமுக்கல் பக்கம் வரை அவள்தான் போய் மாடு பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தது ஏழு பேர் உட்காரும், ஜீப் மாதிரி உயரமான பழைய வண்டி. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. தினமும் அதில் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அவள் போய் வருவதை நினைத்து, வேலைக்கான உத்தரவு வந்த அன்றே எனக்குத் தூக்கம் போய்விட்டது. வண்டியை மாற்றுவதா, வேண்டாமா? ஊருக்கெல்லாம் "மாத்திடுங்க" என்று சொன்னவனுக்கு, தன் வீட்டுக்கு மட்டும் பதில் தெரியவில்லை.

யாழினியையும் கூட்டிக்கொண்டு, வண்டியை ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சேல்ஸில் இருக்கும் தினேஷ் அதைச் சுற்றி வந்தான். கதவைத் தட்டினான். "ம்" என்றான்.

"டேய், இந்த மூஞ்சியெல்லாம் எங்கிட்டயேவா?" என்றேன்.

"ப்ராசஸ் இதாங்கண்ணா. சொந்தக்காரங்களுக்கும் இதே மூஞ்சிதான்."

2. கூரை திறக்கும் வண்டி

எங்களுக்காக மேனேஜர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது புது மாடல். வெளியே பார்த்தால் மலை ஏறும் வண்டி மாதிரி மிரட்டலாக இருக்கும். உள்ளே பார்த்தால் சோபா. ஆறு ஏர்பேக், சன்ரூஃப், வீட்டு டிவிக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு ஸ்கிரீன். விழுப்புரத்து வெயிலில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு போகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கூரைக்காகவே இந்த மாடலைக் கேட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

"பாப்பாவோட சேஃப்டிதான் அண்ணா முக்கியம். கண்ண மூடிக்கினு இத எடுங்க," என்றார் மேனேஜர். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும் என்று அவர் வாயாலேயே சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

யாழினி வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "அடியில எவ்ளோ கேப் இருக்குது?" என்று கேட்டாள்.

"மியூசிக் சிஸ்டம் கேட்டீங்களா மேடம்?" என்றான் தினேஷ்.

"கேப்பு கேட்டேன்."

"சூப்பர் கேப்பு மேடம். அதெல்லாம் ஒண்ணும் இடிக்காது."

எங்கள் டெஸ்ட் டிரைவுக்கு என்று ஒரு ரூட் உண்டு. கேட்டிலிருந்து இடதுபக்கம் திரும்பி, மாவட்டத்திலேயே வழவழப்பான ரோட்டில் போய், மேம்பாலத்துக்கு அடியில் திரும்பி வந்துவிட வேண்டும். ஏசி முழு வேகத்தில் இருக்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் வாடிக்கையாளர் வண்டியைக் காதலித்துவிடுவார். அந்த ரூட்டில் கட்டை வண்டியை ஓட்டினாலும் காதலிக்கலாம்.

யாழினி ஒத்துக்கொள்ளவில்லை. "தினமும் போவப்போற ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்வேன்," என்றாள். அவ்வளவு தூரம் அனுப்புவது வழக்கமில்லை. ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளை என்பதால், தன் கிட்னியைத் தானம் கொடுப்பவர் போன்ற முகத்தோடு மேனேஜர் சம்மதித்தார்.

3. கிளியனூருக்கு உள்ளே

யாழினி ஓட்டினாள். பக்கத்தில் தினேஷ். பின் சீட்டில் நான். திண்டிவனம் வரை வண்டி வெண்ணெய் மாதிரி போனது. ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் நான் ஏர்பேக்கை எண்ணிக்கொண்டேன், ஆறுதலாக இருந்தது.

கிளியனூரில் உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் ரோடு காணாமல் போனது. தார் இருந்த இடமெல்லாம் காய்ந்த உளுந்துச் செடி. எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்தால் ரோடுதான் களம். செடியைப் பரப்பிவிட்டு ஓரமாக நின்றால், போகிற வண்டிகள் ஏறி ஏறி உளுந்தைப் பிரித்துக் கொடுத்துவிடும். டிராக்டர் வாடகை மிச்சம். ஓட்டுகிறவனுக்கு இதில் கருத்துச் சொல்ல உரிமையில்லை.

நடு ரோட்டில் செடியைக் கிளறிவிடும் கவைக்கோலோடு நின்ற ஒரு அம்மாள், விமானத்தை இறக்குகிறவர் மாதிரி கையை வீசினார். "வாம்மா வா. அப்டியே மேல ஏத்திக்கினு போ."

யாழினி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். "அப்பா, போலாமா?"

மதிப்புப் போடுகிறவன் வாயைத் திறப்பதற்குள் சேல்ஸ்காரன் திறந்துவிட்டான். "ஏத்துங்க மேடம். இதுக்குத்தான் இந்த வண்டியே." செடி மேல் பாதி தூரம் போயிருப்போம். "மேடம், அப்டியே நிறுத்துங்க. இந்த மாதிரி எடத்துலதான் 360 கேமராவோட அருமையே தெரியும்."

நிறுத்தினாள். ஸ்கிரீனில் வண்டி மேலிருந்து பறவை பார்ப்பது போல் தெரிந்தது. முன்னால் செடி, பின்னால் செடி, இரண்டு பக்கமும் செடி. தினேஷ் விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகக் காட்டினான். நானும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்கு ஐந்தாவதாக ஒரு பக்கம் உண்டு, அடிப்பக்கம். அதற்கு யாரும் கேமரா வைத்திருக்கவில்லை.

அங்கே நடந்தது இதுதான். புது மாடலுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் போட்டிருப்பார்கள், காற்று வழுக்கிக்கொண்டு போவதற்காம். காற்று வழுக்கியிருக்கும். செடி வழுக்கவில்லை. கவருக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் போய் அடைத்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த குழாய் எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கிரீனின் ஒரு மூலையில் வெள்ளையாக எதுவோ எழும்பியது. தூசி என்று நினைத்தேன். அந்த அம்மாள் கத்திக்கொண்டே ஓடி வந்தார். வண்டி உடனே பீப் பீப் என்று அலறியது. தீயைப் பார்த்து அல்ல, அந்த அம்மாள் ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டார் என்று.

"தே பொண்ணு, நிக்காத. எடு வண்டிய. அடியில பத்திக்கினு இருக்குது."

யாழினி வண்டியை ஒரே இழுப்பில் செடியைத் தாண்டி வெறும் தாரில் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். தினேஷும் இறங்கிவிட்டான். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவை இழுத்தேன். திறக்கவில்லை. மறுபக்கம் நகர்ந்து இழுத்தேன். அதுவும் திறக்கவில்லை.

சைல்டு லாக். முன்னால் யாரோ குழந்தையோடு டெஸ்ட் டிரைவ் வந்திருக்கிறார்கள், போட்டது போட்டபடி இருந்தது. உள்ளேயிருந்து திறக்க முடியாது. நூற்றுக்கணக்கான பேருக்கு கதவு ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன லாக்கைக் காட்டி, "கொழந்தைங்க சேஃப்டிங்க" என்று சொல்லியிருக்கிறேன். ரப்பர் கருகும் வாசனை வந்தது. முன் சீட் வழியாகத் தாண்டலாம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. உள்ளேயிருந்தபடி கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தேன்.

யாழினி திரும்பி ஓடி வந்தாள். எரிகிற வண்டியை நோக்கி என் மகள் ஓடி வருவதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கதவைத் திறந்து என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் சாக்கை வாய்க்காலில் முக்கிக்கொண்டு வந்து அடியில் அடித்தார்கள். சேற்றை வாரி வீசினார்கள். கவைக்கோலால் எரிகிற செடியைக் கொத்தி இழுத்தார்கள். தீ அணைந்தது. பிளாஸ்டிக் கவர் உருகி, ஜவ்வு மாதிரி தொங்கியது. அதன் பிறகுதான் அந்த அம்மாள் எங்களைக் கவனித்தார்.

"ஏன் சார், எம்மாம் பெரிய டிவி வெச்சிக்கினு வர்றீங்க. அடியில எரியறத காட்டாதா அது?"

தினேஷுக்கு ரோஷம் வந்தது. "நீங்கதானேம்மா மேல ஏத்தச் சொன்னீங்க?"

"ஏத்திக்கினு போன்னு சொன்னேன். மேல நின்னுக்கினு படம் பாருன்னா சொன்னேன்? லாரி போவுது, பஸ்ஸு போவுது, எதுனா ஒண்ணு நிக்குதா? எங்க உளுந்துல பாதி கருகிப்போச்சு. பெரிய பேஜாரா போச்சு உங்களோட."

யாழினி என்னை மதகு மேல் உட்கார வைத்து, மாட்டுக்குப் பார்ப்பது போல் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். "மூச்ச நல்லா விடுப்பா," என்றாள். விட்டேன். வேறு எதுவும் செய்கிற நிலையில் நான் இல்லை.

4. ஆறுதல்

ஷோரூமில் எல்லோரும் அன்பாக விசாரித்தார்கள். மேனேஜர் வண்டியின் அடியைக் குனிந்து பார்த்து, நான் கற்றுக்கொடுத்த பெருமூச்சை விட்டார்.

"நம்ம ரூட்டுல போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுண்ணா."

"எம்பொண்ணு நம்ம ரூட்டுல வேலைக்குப் போவல சார்."

"அது சரி. வேணும்னா டாப் வேரியண்ட் பாக்கறீங்களா? அதுல அண்டர் கவர் இன்னும் ஸ்ட்ராங்கு."

எரிந்து முடிந்த அரை நாளுக்குள் அடுத்த வண்டியை விற்கப் பார்க்கிற இந்தத் தொழில் பக்தியைப் புதிதாக வருகிற பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் முடிவைச் சொன்னேன். பழைய வண்டியும் வேண்டாம், புது வண்டியும் வேண்டாம். பஸ்ஸில் போ. இல்லையென்றால் வேறு ஊருக்கு மாற்றல் கேள். அதுவும் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடு, விழுப்புரத்திலேயே நாய் பூனைக்கு ஊசி போடலாம்.

"பஸ்ஸு ரோட்டோட நின்னுடும்ப்பா. கன்னு போட முடியாத மாடு பஸ் ஸ்டாண்டுக்கா வரும்?"

"அதுக்கு நீ எரியணுமா?"

"நான் எரியல. நீதான் உள்ள உக்காந்திருந்த." வேலை உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "நான் வேலைக்குப் போவேன்ப்பா. எந்த வண்டில போறதுன்னு மட்டும் சொல்லு. அதான உன் வேலை?"

5. மதிப்பு

முதல் முறையாக ஒரு வண்டியை விலையை நினைக்காமல் யோசித்தேன். அடியில் கவர் இல்லாத பழைய வண்டி அவளை உளுந்திலிருந்து காப்பாற்றும், லாரியிலிருந்து காப்பாற்றாது. புது மாடல் லாரியிலிருந்து காப்பாற்றும், உளுந்திலிருந்து காப்பாற்றாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி எங்கள் யார்டின் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தது. டிராவல்ஸ்காரர்கள் எடுக்கிற உயரமான மாடல். இரும்பு ஃப்ரேம், முன்னால் ஏர்பேக், ஏபிஎஸ். கூரை திறக்காது. ஸ்கிரீன் உள்ளங்கை அளவு. வருகிற வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் இருக்க அதன் முன்னால் எப்போதும் சிவப்பு வண்டி ஒன்றை நிறுத்தி வைப்போம்.

யாழினி ஒரு அட்டையைப் போட்டுத் தரையில் படுத்து அடியில் நுழைந்தாள். "இதுலயும் செடி சுத்தும்," என்று குரல் வந்தது. "ஆனா கைய விட்டு இழுத்துப் போட்டுடலாம்."

"டாக்டரம்மா எடுக்கற வண்டியாண்ணா இது? லுக்கே இல்லியே," என்று மேனேஜர் வருத்தப்பட்டார். பழையதைக் கொடுத்துவிட்டு அதையே எடுத்தோம். என் பழைய வண்டிக்குத் தினேஷ் போட்ட மதிப்பைப் பார்த்துவிட்டு, அவனுக்குத் தொழில் நன்றாகவே வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறவரிடம் முதலில் ஒன்று கேட்கிறேன்: "எந்த ரோட்டுலங்க போவீங்க?" பனமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், ரோட்டில் பரப்பிய மல்லாட்டைக் கொடியும் (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கேப்பைத் தட்டும் தாண்டித்தான் தன் வீட்டுக்கே போக முடியும் என்றார். அவரையும் குனிய வைத்து அடியைக் காட்டினேன். அவர் கூரை திறக்கும் வண்டியை எடுக்கவில்லை. என்னைப் பார்ட்ஸ் செக்‌ஷனுக்கு மாற்றலாமா என்று மேனேஜர் யோசித்துக்கொண்டிருப்பதாகத் தினேஷ் சொன்னான். கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: வண்டிக்கு மதிப்புப் போடுவதற்கு முன்னால் ரோட்டுக்கு மதிப்புப் போடுங்கள். இன்சென்டிவ் குறையும், தூக்கம் வரும் என்று சொல்ல நினைத்தேன். தூக்கமும் வரவில்லை.

யாழினி வேலையில் சேர்ந்த அன்று, முதல் வாரம் மட்டும் நானும் கூட வருகிறேன் என்றேன்.

"வேணாம்ப்பா. அப்பாவக் கூட்டிக்கினு வர்ற டாக்டரம்மான்னு பேர் வெச்சிடுவாங்க."

டயரைப் பார்த்தேன், ஆயிலைப் பார்த்தேன், குனிந்து அடியையும் பார்த்தேன். பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. சாவியைக் கொடுத்தேன். வண்டி தெருமுனை திரும்பிப் போனது. ஒரு சாவியை எப்படிக் கொடுப்பது என்று எங்களுக்கு டிரெய்னிங் உண்டு. சிரித்த முகத்தோடு, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அந்த இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.