வெள்ளிக்கிழமைக் கொடுங்கோலன்

கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் நான் நாடகம் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் கெட்ட ராஜா மேடையில் கர்ஜிப்பான். நாம் கீழே உட்கார்ந்து கடலை கொறிப்போம். சரித்திரப் புத்தகத்து ராஜாக்களோ செத்த பிறகுதான் திட்டக் கிடைக்கிறார்கள். நேருக்கு நேர் நிறுத்தித் திட்டக்கூடிய கெட்ட ராஜாவை ஆம்பூரில்தான் கண்டேன். அவருக்கு ஜம்புலிங்கம் என்று பெயர்.

மற்ற நாட்களில் தோல் பதனிடும் மண்டியில் சுண்ணாம்புக் குழியருகே நின்று தோல் புரட்டுவார். வீட்டில் பூனை பாயில் படுத்திருந்தால் தரையில் படுத்துக்கொள்கிற ஆள். வெள்ளிக்கிழமை மண்டிக்கு விடுமுறை. முதலாளி ஜியாவுல்லா சாயபு தொழுகைக்குப் போனதும், தோல் காயப்போடும் களத்தில் பிற்பகல் நாடகம். ஜம்புலிங்கம்தான் அக்கினிகண்ட ராஜா. அடுப்புக்கு வரி, தாலிக்கு வரி, அழுகிற பிள்ளைக்கும் வரி.

ராஜா பெண்கள் பக்கமாக நடந்துதான் மேடையேற வேண்டும் என்பது அங்கே வழக்கம். யார் எழுந்து திட்டினாலும், அவள் முடிக்கும்வரை ராஜா வாய் திறக்கக்கூடாது. அந்தச் சாக்கில் மேஸ்திரிக்கும் மாமியாருக்கும் கள்ளுக்கடைக்குப் போன புருஷனுக்கும் சேர்த்து விழும். திட்டிவிட்டு உட்காரும் பெண்களின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

ஜம்புலிங்கத்தின் மகள் சந்திராவுக்கும், ஆலங்காயத்திலிருந்து மண்டிக்குத் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வண்டி ஓட்டிவரும் ஆதிகேசவனுக்கும் மனம் ஒத்துப்போயிருந்தது. ஆனால் அவன் தாய் பூங்காவனத்திடம் யாரோ, பெண்ணின் அப்பன் ஊரையே மிரட்டுகிறவன் என்று சொல்லிவிட்டார்கள். நாடகத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் பதில் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பினார். ஜம்புலிங்கத்தின் மனைவி பட்டம்மாள் பயந்துபோனார். இந்த ஒரு வாரமாவது கொஞ்சம் நல்ல ராஜாவாக இருக்கும்படி கெஞ்சினார்.

அந்த அம்மாள் வந்த வெள்ளிக்கிழமை அக்கினிகண்டன் பூனைபோல நடந்து வந்தான். அடுப்பு வரி பாதியாகக் குறைக்கப்பட்டது என்றான். மந்திரிக்கு வசனம் மறந்துபோயிற்று. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜாவுக்கு உடம்பு சரியில்லையா என்று ஒருத்தி கேட்டாள்.

அப்போதுதான் முன்வரிசையில் பூங்காவனம் எழுந்தார்.

"இன்னா ராஜா நீ? திட்டணும்னு ஆலங்காயத்துலேர்ந்து வண்டி கட்டிக்கினு வந்திருக்கேன். வரியக் கம்மி பண்றியே, வெக்கமா இல்ல?"

ஜம்புலிங்கம் மனைவியைப் பார்த்தார். பட்டம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எப்படியும் சம்பந்தம் போயிற்று என்று நினைத்தாரோ என்னவோ, ராஜா நிமிர்ந்தார்.

"ஆலங்காயத்துக்கு இன்னிலேர்ந்து வரி ஜாஸ்தி. சம்பந்தி வூட்டுக்கு அதுக்கும் மேல ஜாஸ்தி."

களம் கூச்சலில் அதிர்ந்தது. பூங்காவனம் ஆரம்பித்தார். பட்டை உரிக்கப் போனால் மிரட்டும் காட்டுக் காவலன், நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட கொழுந்தன், பேசாமலே வாழ்ந்து பேசாமலே செத்த புருஷன் என்று ஒருவரையும் விடவில்லை. கிரீடம் சரிந்தது, அரிதாரம் கரைந்து கண்ணில் இறங்கியது. ஜம்புலிங்கம் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

நாடகம் முடிந்து, கட்டிப்போன தொண்டையோடு பூங்காவனம் அவர்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"என் பேச்ச முழுசா கேட்டுக்கினு நின்ன மொத ஆம்பள நீதாண்ணே. உன் வளர்ப்புல வந்த பொண்ணு எனக்குப் போதும். வைகாசில வெச்சிக்கலாம்."

சந்திரா தேங்காயெண்ணெயும் துணியும் எடுத்துவந்து அப்பாவின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் அவள் கை நிலைகொள்ளவில்லை. ராஜாவின் மை மீசை ஒரு பக்கம் காதுவரைக்கும் இழுபட்டது.